பழைய வீட்டின் வெளிப்புறம்: எதை முதலில் மாற்றுவது, எது காத்திருக்கலாம்?

பதிவு 1 | வேப்பமரநிழல்

வணக்கம். அப்பா கட்டிய வீடு. 40 ஆண்டுகள் கடந்துவிட்டன. தரைத்தளமும் ஒரு மாடியும். மேலே கான்கிரீட் தளம். பின்கட்டில் மட்டும் ஓட்டுக் கூரை. உள்ளே எல்லாம் நன்றாகவே இருக்கிறது. வெளிப்புறம்தான் ஒட்டுமொத்தமாகத் தளர்ந்துபோயிருக்கிறது.

மொட்டை மாடியில் பதித்த ஓடுகளைத் தட்டினால் சில இடங்களில் வெற்றொலி கேட்கிறது. மழைநீர்க் குழாய்கள் இரண்டும் வெடித்திருக்கின்றன. மேற்குச் சுவரின் பூச்சு உப்பி உதிர்கிறது. மரச் சன்னல்களில் பாதி சரியாக மூடுவதில்லை. முன்பக்கச் சன்ஷேடு ஒன்றின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பெயிண்ட் வெளுத்துவிட்டது. முன்கதவின் அடிப்பலகை இற்றுக்கொண்டிருக்கிறது.

ஆண்டுக்கு ஒரு பெரிய வேலைக்குத்தான் பணம் சேரும். கடன் வாங்க மாட்டோம் என்று முடிவு செய்துவிட்டோம். அம்மா படுப்பது மேற்கு அறையில். மாலையில் அந்த அறை கொதிக்கிறது. அதனால் சன்னல்களை முதலில் மாற்றச் சொல்கிறார். தம்பி, பெயிண்ட் அடித்தால் வீடு புதிதாகிவிடும் என்கிறான். நான் கூரையைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படுகிறேன். இந்த வேலையெல்லாம் செய்து பார்த்தவர்கள் வரிசை சொல்லுங்கள்.

பதிவு 2 | வெயிலும்காற்றும்

அம்மா சொல்வதைக் கேளுங்கள். கூரை ஒழுகுவதாக நீங்கள் எழுதவில்லை. ஓடு வெற்றொலி தருகிறது என்று மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வயதானவர் ஒருவர் ஒவ்வொரு மாலையும் வெப்பத்தில் வாடுகிறார். சரியாக மூடாத சன்னல் வழியே தூசியும் சாரலும் கொசுவும் வருகின்றன, இரவில் பாதுகாப்பும் இல்லை. ஒற்றைக் கண்ணாடியைவிட இரட்டைக் கண்ணாடிச் சன்னல் வெப்பம் கடத்துவதை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும். பணம் கொடுத்த மறுநாளே பலன் தெரியும் வேலை அது. கட்டடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வாழ்பவரை மறந்துவிடக் கூடாது.

பதிவு 3 | நீர்வழி

வெயிலும்காற்றும் சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஆனால் வரிசை அதுவல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய வீட்டின் வெளிப்புறத்தில் கெடுவதில் பெரும்பகுதி தண்ணீரால் கெடுவது. பூச்சு உப்புவது, பெயிண்ட் உரிவது, கம்பி துருப்பிடிப்பது, கதவின் கால் இற்றுப்போவது என்று உங்கள் பட்டியலையே பாருங்கள். நான்கும் தனித்தனி வேலைகளாகத் தெரிகின்றன. நான்கிலும் கை வைத்திருப்பது தண்ணீர். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல், அது கெடுத்த பொருளை மட்டும் மாற்றினால் சில மழைக்காலங்களில் புதியதும் அதே கதிக்கு வரும்.

ஒரு சிறு கணக்கு. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். உங்கள் தளம் 100 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு மழையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 2,500 லிட்டர். அவ்வளவும் அந்த இரண்டு குழாய்கள் வழியே இறங்கியாக வேண்டும். இரண்டும் வெடித்திருக்கின்றன என்கிறீர்கள். அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? சுவரில் வழிகிறது, சுவரின் காலடியில் தேங்குகிறது. மேற்குச் சுவர் உப்புவதற்கு வேறு காரணம் தேடுவதற்கு முன் குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஆகவே குழாய்களை இந்த வாரமே மாற்றுங்கள். அதை ஓர் ஆண்டின் ‘பெரிய வேலை’யாக எண்ண வேண்டியதில்லை. பிறகு கூரை. பிறகு சுவர். பிறகு சன்னலும் கதவும். பெயிண்ட் கடைசியில். மேலிருந்து கீழே வாருங்கள். கீழே முடித்த வேலையின் மேல் மேல்வேலையின் குப்பையும் கலவையும் விழாது என்பது இதில் கூடுதல் நன்மை.

பதிவு 4 | கம்பியும்கலவையும்

நான் கட்டுமானப் பொறியாளர். வரிசை பேசுவதற்கு முன்னால் வரிசைக்கு வெளியே ஒன்று இருக்கிறது: அந்தச் சன்ஷேடு.

கம்பி கண்ணுக்குத் தெரிகிறது என்றால் காரை ஏற்கெனவே விழத் தொடங்கிவிட்டது. அடுத்த துண்டு எப்போது விழும் என்று யாரும் சொல்ல முடியாது. அதன் கீழே இன்றே கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள். யாரும் நிற்கவோ வண்டி நிறுத்தவோ வேண்டாம். கொத்தனாரை அழைத்து, தளர்ந்த காரையைக் கீழே தட்டிவிடச் சொல்லுங்கள். அவர் சாரத்தின் மேலோ உறுதியான ஏணியின் மேலோ பக்கவாட்டில் நின்று தட்ட வேண்டும்; சன்ஷேட்டின் மேல் ஏறி நிற்கக் கூடாது.

கம்பி ஏன் வெளியே வருகிறது என்றால், நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது, பி.எச். 12-க்கு மேல். அந்தக் காரத்துக்குள் இரும்பு துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளாக உள்ளே ஊறும்போது காரம் குறைந்து 9-க்குக் கீழே இறங்குகிறது. அந்த மாற்றம் கம்பியைத் தொட்டதும் அதன் பாதுகாப்புப் போய்விடும். பிறகு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. துரு, தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் காரை வெடித்துப் பெயர்கிறது.

உடைத்த புதிய முகத்தில் பினாப்தலின் கரைசலைத் தெளித்துப் பார்க்கலாம். இளஞ்சிவப்பாக மாறினால் காரம் இருக்கிறது. நிறமற்று நின்றால் அந்த ஆழம் வரை போய்விட்டது. எவ்வளவு ஆழத்துக்குக் கான்கிரீட்டை வெட்டி எடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இது உதவும்.

தயவுசெய்து சிமெண்டைக் குழைத்துக் கம்பியின் மேல் பூசி மூடிவிடாதீர்கள். கம்பியின் பின்புறம் வரை கான்கிரீட்டை எடுத்து, துருவைப் பளபளக்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பழுதுபார்ப்புக் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி கால்பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் கூடுதல் கம்பி தேவைப்படலாம். அதைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பதிவு 5 | மரத்தச்சு

சன்னலைப் பற்றி நான் பேசுகிறேன், என் தொழிலே அதுதான்.

‘மாற்றுவது’ என்ற முடிவுக்கு எல்லோரும் ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறார்கள் என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. 40 ஆண்டுகளுக்கு முன்னால் செய்த சன்னல் என்றால் பெரும்பாலும் நல்ல வைரம் பாய்ந்த மரம். சரியாக மூடவில்லை என்பதற்குக் கீல் தொய்ந்திருக்கலாம், பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி விளிம்பு தடித்திருக்கலாம், சட்டம் ஈரத்தில் ஊதியிருக்கலாம். இவற்றில் எதற்கும் புதுச் சன்னல் தேவையில்லை.

ஒரு கூரிய ஊசியையோ சிறிய திருப்புளியையோ எடுத்து, சட்டத்தின் அடிமூலைகளில் அழுத்துங்கள். மரம் எதிர்த்து நின்றால் நல்லது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தப் பகுதி இற்றுவிட்டது. பெரும்பாலும் கீழ்ச்சட்டமும் மூலைகளும் மட்டுமே அப்படி இருக்கும். அந்த அளவை மட்டும் அறுத்தெடுத்து, அதே சாதி மரத்தில் ஒட்டுப் போட்டுவிடலாம். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும் வரை பூஞ்சை அதைத் தின்னாது. எனவே கீழ்ச்சட்டத்தின் மேல்முகம் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கிறதா, தண்ணீர் அதில் நிற்கிறதா என்று பார்ப்பது புதுச் சன்னல் வாங்குவதைவிட முக்கியம்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் இயந்திரம் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், தகுந்த முகக்கவசம் அணியுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விடாதீர்கள். சுரண்டியதைக் கூட்டி மண்ணில் தள்ளாமல் பையில் கட்டி அகற்றுங்கள்.

பதிவு 6 | வெயிலும்காற்றும்

மரத்தச்சு ஐயா சொன்ன ஒட்டு வேலையை ஏற்கிறேன். ஆனால் அம்மாவின் அறை வெப்பம் அப்படியே இருக்கிறதே. எல்லோரும் கட்டடத்துக்கு மருத்துவம் பார்க்கிறீர்கள். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துச் சன்னல் என்றால் அதுவரை அவர் என்ன செய்வார்?

பதிவு 7 | மரத்தச்சு

நியாயமான கேள்வி. மேற்கு வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுக்க வேண்டும். கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்துவிட்டால் திரைச்சீலை அதைப் பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே வெப்பத்தை விடும். வெளிப்பக்கம் மடக்கக்கூடிய மரத்தட்டியோ சுருட்டும் மூங்கில் திரையோ மாட்டினால் பெரும்பகுதி வெயில் வெளியிலேயே நின்றுவிடும். மாலை வெயில் தாழ்வாக வருவதால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு மேற்கில் அவ்வளவாக உதவாது. நேர்க்குத்தான மறைப்பு வேண்டும். ஒரு நாள் வேலை. வரிசையில் எதையும் இது தள்ளிப்போடாது.

மாடி அறையாக இருந்தால் இன்னொன்றும் கேட்கிறேன். அம்மாவின் அறைக்கு மேலே நேராக மொட்டை மாடி இருக்கிறதா?

பதிவு 8 | வேப்பமரநிழல்

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதியிருப்பதற்கு மிக்க நன்றி. சன்ஷேட்டின் கீழே அன்றே கயிறு கட்டிவிட்டோம்.

ஆம், அம்மாவின் அறை மாடியில்தான். மேலே மொட்டை மாடி. அந்த அறையில் மேற்குச் சுவரும் கூரையும் சேரும் மூலையில் பழுப்புக் கறை இருக்கிறது. மழை நின்ற பிறகு கறுக்கிறது, பிறகு வெளிறுகிறது. வெளியே பூச்சு உப்பியிருப்பது அதே சுவரில் இரண்டு இடங்களில்: மேலே கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒன்று, கீழே தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு இன்னொன்று. கீழே வெண்மையாக உப்பும் பூத்திருக்கிறது. நடுவில் சுவர் நன்றாக இருக்கிறது. மழைநீர்க் குழாய் ஒன்று அந்தச் சுவரில்தான் இருக்கிறது, நீர்வழி சொன்னதுபோலவே.

அப்படியானால் மொட்டை மாடி முழுவதும் ஓடுகளைப் பெயர்த்துப் புதிய தளம் போட வேண்டுமா? ஒப்பந்தக்காரர் ஒருவர் அப்படித்தான் சொல்கிறார்.

பதிவு 9 | நீர்வழி

பெயர்க்காதீர்கள். முதலில் சோதியுங்கள்.

நீங்கள் எழுதிய விவரத்தில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. நடுச் சுவர் நன்றாக இருப்பதால் மேலும் கீழும் தனித்தனி. கீழே இருப்பது தரையிலிருந்து ஏறும் ஈரமாகவோ, குழாயின் காலடியில் தேங்கும் நீர் தெறித்து ஊறுவதாகவோ இருக்கும். உப்புப் பூப்பது, சுவருக்குள் நகரும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து வெளிமுகத்தில் உலர்வதற்கு அடையாளம். வெளியே மண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பல ஆண்டுகளில் தோட்ட மண்ணும் சிமெண்டுத் தளமும் ஏறி ஏறிச் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்கை மூடியிருந்தால், அடித்தளத்தில் நல்ல தடுப்பு இருந்தும் ஈரம் அதைத் தாண்டி ஏறிவிடும். மண்ணைக் குறைத்து, சுவரைவிட்டு வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். முதல் 3 மீட்டர் தூரத்துக்கு 15 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் போதும். மண்வெட்டி வேலைதான், ஆனால் பல நூறு பக்கெட் தண்ணீரை வீட்டிலிருந்து விலக்கும்.

மேல் கறைக்கு நீர் தேக்கிப் பாருங்கள். மழைநீர் வெளியேறும் துளைகளைத் துணியால் அடைத்து, தளத்தைச் சிறு பகுதிகளாகக் கலவை வரப்பு கட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் நடுப்பகுதியில் மட்டும் சில சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். கறை கறுக்கிறதா என்று கீழே பாருங்கள். பிறகு கைப்பிடிச் சுவரை ஒட்டிய பகுதி. எந்தப் பகுதியில் நிறுத்தும்போது கறை கறுக்கிறதோ, அங்கே நுழைகிறது.

பதிவு 10 | கம்பியும்கலவையும்

நீர்வழியின் சோதனை சரி. ஒரு நிபந்தனை மட்டும். 1 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 10 கிலோ. 5 சென்டிமீட்டர் நிறுத்தினால் 50 கிலோ. தளத்தின் அடிப்பகுதியில் எங்காவது காரை பெயர்ந்தோ, கம்பியின் கோட்டில் விரிசலோ இருந்தால் தண்ணீர் நிறுத்த வேண்டாம். குழாயால் பகுதி பகுதியாக நனைத்துப் பாருங்கள். அடியில் தளம் சுத்தமாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

பதிவு 11 | பழங்காரை

இடையில் ஒன்று. இந்த விவாதத்தைப் படிக்கும் வேறு யாருடைய வீடாவது இதைவிடப் பழையதாக, சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருந்தால், மேலே சொன்னதை அப்படியே பின்பற்ற வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சோ நீர்புகாப் பெயிண்டோ போட்டால் ஈரம் உள்ளேயே சிக்கி, செங்கல் மாவாகும். அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும்தான் பொருந்தும். கொத்தனார் எவ்வளவு வற்புறுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதிவு 12 | மூன்றாம்படி

சாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மாடி வீட்டில் வெளிவேலை என்றால் சாரம் கட்டிப் பிரிப்பது ஒரு பெரிய செலவு. சன்ஷேடு, மேற்குச் சுவரின் மேல்பகுதிப் பூச்சு, குழாய், மாடிச் சன்னல்களின் வெளிப்பக்கம் எல்லாமே ஒரே சாரத்தில் நின்று செய்யக்கூடியவை. ஆண்டுக்கு ஒரு பொருள் என்று பிரிக்காமல் ஆண்டுக்கு ஒரு முகம் என்று பிரித்துப் பாருங்கள். இந்த ஆண்டு மேற்கு முகம் முழுவதும். அடுத்த ஆண்டு முன்முகம். கூரை மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

பதிவு 13 | நீர்வழி

மூன்றாம்படி சொன்னதை நான் யோசிக்கவில்லை, நல்ல வழி. ஆனால் ஒன்றை விடாதீர்கள்: ஒரு முகத்துக்குள்ளும் வரிசை மேலிருந்து கீழேதான். சன்ஷேடு முடிந்த பிறகு சன்னல், சன்னல் பொருத்தியதும் அதைச் சுற்றிய பூச்சு. சுவருக்குப் பிறகு சன்னல் என்று முன்பு நான் சொன்னதை இங்கே திருத்திக்கொள்கிறேன். பூச்சு முடிந்த சுவரில் சன்னல் பொருத்தினால் ஓரங்களை உடைத்து மறுபடி பூச வேண்டிவரும், அந்த ஒட்டில்தான் முதல் விரிசல் விழும்.

பதிவு 14 | வேப்பமரநிழல்

தம்பி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்கிறான்: நீர்புகாத வெளிப்புறப் பெயிண்ட் என்றே விற்கிறார்களே, அதைச் சுவர் முழுவதும் அடித்துவிட்டால் தண்ணீர் நுழையாதல்லவா?

பதிவு 15 | பழங்காரை

தம்பிக்குச் சொல்லுங்கள்: அந்தப் பெயிண்ட் வெளியிலிருந்து வரும் சாரலைத் தடுக்கும். உங்கள் சுவரில் தண்ணீர் மேலிருந்தும் கீழிருந்தும் உள்ளே ஏற்கெனவே ஊறிக்கொண்டிருக்கிறது. வெளிமுகத்தை மூடினால் அது வெளியேற வழியில்லாமல் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும். ஈரம் நுழைவதை நிறுத்திய பிறகும் சுவர் காய நேரம் கொடுங்கள். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் கைக்கணக்கு. 23 சென்டிமீட்டர் சுவருக்கு அது 9 மாதம். நல்ல வெயிலும் காற்றும் இரு பக்கமும் கிடைத்தால் விரைவாகவே காயும். புதுப் பூச்சுக்கு மேல் பெயிண்ட் அடிக்கவும் ஏறக்குறைய 28 நாள் பொறுக்க வேண்டும். தம்பியின் பெயிண்ட் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவன் விரும்புகிற அழகு நிலைத்து நிற்க வேண்டும் என்றுதான் கடைசியில் வைக்கிறோம்.

பதிவு 16 | வேப்பமரநிழல்

சோதனை முடிந்தது. தளத்தின் அடியில் பெயர்ச்சி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் நிறுத்தினோம்.

நடுப்பகுதியில் நிறுத்தியபோது கீழே ஒன்றும் இல்லை. வெற்றொலி தரும் ஓடுகள் இருக்கும் பகுதியிலும் இல்லை. மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தியதும், சில மணி நேரத்திலேயே அம்மாவின் அறையில் கறை கறுத்தது. வெளியே போய்ப் பார்த்தால், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் கோட்டில் நீளமாக ஒரு விரிசல்; அதில் ஈரம் கசிகிறது. அந்தக் கோட்டில் முன்பு யாரோ சிமெண்டு பூசி அடைத்திருக்கிறார்கள். அதுவும் அதே கோட்டில் பிளந்திருக்கிறது.

பதிவு 17 | கம்பியும்கலவையும்

மிக நல்ல சோதனை. மொட்டை மாடியை முழுவதும் பெயர்க்கும் பெருஞ்செலவு இப்போதைக்குத் தேவையில்லை.

அந்தக் கோடு ஏன் பிளக்கிறது என்று சொல்கிறேன், சரிசெய்யும் முறை அதிலிருந்துதான் வருகிறது. கான்கிரீட் வெயிலில் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. 10 மீட்டர் நீளமுள்ள தளம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகரும். மேலே நிற்கும் செங்கல் சுவர் அதே அளவில் நகராது. அந்த அசைவு முழுவதும் இரண்டும் சேரும் கோட்டில் விழுகிறது. அங்கே சிமெண்டு பூசினால் அது வளையாது, பிளந்துவிடும்.

விரிசலை வாய் அகற்றி, சுத்தம் செய்து, இழுபடும் தன்மையுள்ள சீலண்டால் நிரப்புங்கள். அதன் மேல் மூலையில் கலவையைச் சாய்வாக வைத்து, செங்குத்து மடிப்பு இல்லாமல் ஆக்குங்கள். அதற்கு மேல் நீர்த்தடுப்புப் படலம். தளத்தில் படர்ந்து சுவரில் குறைந்தது 15 சென்டிமீட்டர் ஏற வேண்டும். படலத்தின் மேல்விளிம்பைச் சுவரில் காடி வெட்டி உள்ளே செருகிப் பூசிவிடுங்கள். வெறுமனே ஒட்டி விட்டால் அந்த விளிம்பின் பின்னாலேயே தண்ணீர் இறங்கும். நான்கு பக்கமும் செய்யுங்கள், மேற்கு மட்டும் போதாது. கைப்பிடிச் சுவரின் தலைமுகமும் உள்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் மேலிருந்தும் ஊறும்.

வெற்றொலி தரும் ஓடுகளைக் குறித்து வைத்து ஆண்டுதோறும் தட்டிப் பாருங்கள். பரவினால் அப்போது முழுத் தளத்தைப் பேசலாம்.

பதிவு 18 | வேப்பமரநிழல்

வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டோம்.

மழைநீர்க் குழாய்களை மாற்றுவதும், அவற்றின் காலடி மண்ணைக் குறைத்து வெளிப்பக்கம் சரிவு கொடுப்பதும் உடனே. சன்ஷேடு, கைப்பிடிச் சுவர்க் கோடு, மேற்கு முகத்தின் இரண்டு சன்னல்களுக்கு ஒட்டு வேலை, மேற்குச் சுவரின் மேல்பகுதிப் பூச்சு ஆகியவை ஒரே சாரத்தில் இந்த ஆண்டு. சன்ஷேட்டுக்கு முன்பக்கமும் சாரம் வேண்டியிருப்பதால் முன்கதவின் அடிப்பலகையையும் அப்போதே தச்சரிடம் கொடுத்துவிடுகிறோம். சுவரின் கீழ்ப்பகுதியில் உப்பிய பூச்சை மட்டும் தட்டி எடுத்துவிட்டுத் திறந்தே விடப்போகிறோம், காயட்டும். மற்ற சன்னல்கள் அடுத்த ஆண்டு. தம்பியின் பெயிண்ட் அதற்கும் பிறகு. நிறத்தை அவனே தேர்ந்தெடுப்பான்.

அம்மாவின் சன்னலுக்கு வெளியே மூங்கில் திரை மாட்டியாகிவிட்டது. மாலையில் அந்த அறையில் உட்கார முடிகிறது என்கிறார்.

பதிவு 19 | வெயிலும்காற்றும்

அதைத்தான் கேட்க விரும்பினேன். அம்மாவுக்கு என் வணக்கம். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர்க் கோட்டு வேலை முடிந்ததும் தளத்துக்கு வெள்ளை எதிரொளிப்புப் பூச்சு ஒன்று கொடுங்கள். மாடி அறைக்கு மேலிருந்து இறங்கும் வெப்பமும் குறையும்.

பதிவு 20 | மூன்றாம்படி

சாரம் பிரிப்பதற்கு முன் ஒரு வேலை. மேலே ஏறி, கைப்பிடிச் சுவர்க் கோட்டில் குழாயால் தண்ணீர் விட்டு, வெளியே கசிகிறதா என்று நீங்களே பாருங்கள். அதன் பிறகுதான் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.